ஸனதில் ஒரு கல்தச்சர்

நம் மதரஸாக்களில் ஆலிம் பட்டம் பெறும் மாணவர்கள் இறுதி ஆண்டில் ஸஹீஹுல் புகாரியை ஓதி நிறைவு செய்கிறார்கள். அந்நாளில் உஸ்தாத், இந்நூல் தமக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள்வரை கொண்டு சேர்ப்பார். அந்தப் பெயர் வரிசைக்கு ஸனது என்று பெயர். நம் நாட்டு மதரஸாக்களின் ஸனதுகளில் மிகப் பல, டெல்லி ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் வழியாக மதீனாவுக்கும், அங்கிருந்து கெய்ரோவுக்கும், பிறகு டமாஸ்கஸுக்கும் செல்கின்றன. அவையில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு அந்தப் பெயர்கள் காதில் விழுந்து கடந்துவிடும். ஆயினும் வரிசையின் நடுவே வரும் ஒரு பெயரில் சற்று நின்று போகவேண்டும்: அஹ்மத் பின் அபூதாலிப் அல்ஹஜ்ஜார்.

ஹஜ்ஜார் என்றால் கல்தச்சர். அது குடும்பப் பட்டமன்று. அவர் செய்த தொழிலே அது. டமாஸ்கஸில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் கல்தச்சர்களின் தலைவராக இருந்தவர் அவர். உடல் தளர்ந்தபின் தையல் வேலை செய்து பிழைத்தார். அவர் ஆலிம் அல்லர். எந்த நூலையும் எழுதியவர் அல்லர். வரலாற்றாசிரியர்கள் அவரைப் பாமரர் என்றே குறிக்கிறார்கள். அப்படியிருக்க, இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் பெயருக்கு இரண்டு படிகள் மேலே, ஹதீஸ் கலையின் மிக உயர்ந்த நூலுக்கான ஸனதில் அவர் பெயர் இடம்பெற்றது எப்படி? விடை அவருடைய முதுமையில் இருக்கிறது.

ஹிஜ்ரி 630ஆம் ஆண்டு (கி.பி. 1233) டமாஸ்கஸின் ஆட்சியாளர் அல்மலிக் அல்அஷ்ரஃப், ஹதீஸ் கல்விக்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யா என்பது அதன் பெயர். புகாரி ஷரீஃபை ஓதிக் கேட்பதற்காக பக்தாதிலிருந்து ஒரு முதியவர் வரவழைக்கப்பட்டார். அவர் ஹுஸைன் பின் முபாரக் அஸ்ஸபீதீ. அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. நகரமே திரண்டது. பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த சிறுவர்களுள் ஒருவர்தான் பிற்காலத்தில் கல்தச்சரான அஹ்மத். அஸ்ஸபீதீ ஊர் திரும்பி, மறு ஆண்டே பக்தாதில் வபாத்தானார்.

இந்த அவைகளின் நடைமுறையைச் சற்று விளக்கவேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது விளங்காது. ஸமாஃ, அதாவது செவிமடுத்தல், என்று அதைச் சொல்வார்கள். நூலைத் தம் ஆசிரியரிடம் நேரில் கேட்டிருக்கும் முதியவர் அவையில் அமர்ந்திருப்பார். தேர்ந்த மாணவர் ஒருவர், சரிபார்க்கப்பட்ட கைப்பிரதியிலிருந்து உரக்க ஓதுவார். மற்றவர்கள் கேட்பார்கள். முடிவில், யார் யார் வந்திருந்தார்கள், யார் எந்தப் பகுதியைத் தவறவிட்டார்கள், குழந்தைகளாயின் அவர்களுக்கு என்ன வயது என்பதெல்லாம் ஏட்டின் ஓரத்திலோ கடைசிப் பக்கத்திலோ தேதியுடன் எழுதப்படும். குழந்தைகளின் பெயரையும் எழுதியது விளையாட்டுக்காக அல்ல. மஹ்மூத் பின் ரபீஃ (ரலி) அவர்கள், தமக்கு 5 வயதாக இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் ஒரு வாளியின் நீரை வாயில் எடுத்துத் தம் முகத்தில் உமிழ்ந்த நிகழ்வை நினைவில் வைத்திருந்து அறிவித்தார்கள். அந்த ஓர் அறிவிப்பை ஆதாரமாகக் கொண்டு, 5 வயதுக் குழந்தை கேட்டதும் கேட்டதே என்று ஹதீஸ் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்றார்கள்.

630இல் கேட்டவர்கள் வளர்ந்தார்கள், முதிர்ந்தார்கள், ஒவ்வொருவராக மறைந்தார்கள். கல்தச்சர் அஹ்மதோ கல் கொத்திக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்மிடம் என்ன இருக்கிறது என்று அவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. 76 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஹிஜ்ரி 706இல் ஹதீஸ் மாணவர்கள் பழைய ஏடுகளின் ஸமாஃப் பதிவுகளைப் புரட்டுகையில் இந்தப் பெயரைக் கண்டார்கள். இவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா? இருக்கிறார், இதே ஊரில் தையல் வேலை செய்துகொண்டிருக்கிறார். ஓடினார்கள். வயதைக் கேட்டபோது, அல்முஅள்ளம் மரணித்துவிட்டார் என்று ஊரார் பேசிக்கொண்டது தமக்கு நினைவிருப்பதாகச் சொன்னார். அல்முஅள்ளம் என்ற அந்த ஆட்சியாளர் இறந்தது ஹிஜ்ரி 624இல். கணக்கு நேராயிற்று. அஸ்ஸபீதீயிடம் புகாரியைக் கேட்டு, இன்னும் உயிர் வாழ்பவர்களுள் ஒருவர் கிடைத்துவிட்டார்.

80 வயதைக் கடந்த ஒரு கைத்தொழிலாளி. வாழ்நாளில் அவையேறியவர் அல்லர். எனக்கு ஏன் இந்தத் தொல்லை என்று அவர் கதவை அடைத்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் அமர்ந்தார். அடுத்த 24 ஆண்டுகள் அமர்ந்துகொண்டே இருந்தார். டமாஸ்கஸிலும், காஸியூன் மலைச்சரிவில் உள்ள ஸாலிஹிய்யாவிலும், கெய்ரோவிலும், ஹமாவிலும், பஃலபக்கிலும் 70 தடவை அளவுக்கு அவர் முன் ஸஹீஹுல் புகாரி ஓதப்பட்டது. காலையில் அமர்ந்தால் நெடுநேரம் சோர்வின்றிச் செவிகொடுப்பார் என்று, அவரை நேரில் கண்ட இமாம் தஹபீ (ரஹ்) எழுதுகிறார். குர்ஆன் விரிவுரையாளரான இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவரிடம் அமர்ந்து ஏராளமான ஹதீஸ் ஏடுகளைக் கேட்டார். சுல்தான் நாஸிர் முஹம்மத் தம் கையாலேயே அவருக்குப் பொன்னாடை அணிவித்தார். 100 வயதிலும் ரமளான் முழுவதும் நோன்பு நோற்று, ஷவ்வாலிலும் தொடர்ந்தாராம்.

ஹிஜ்ரி 726 (கி.பி. 1326) ரமளானில் மொராக்கோவைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் டமாஸ்கஸுக்கு வந்தார். உமய்யா பள்ளிவாசலில் 14 அமர்வுகளில் இந்தக் கல்தச்சரிடம் புகாரி முழுவதையும் கேட்டதாகத் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவர்தான் இப்னு பதூதா. அவர் நம் நாட்டுக்கும் வந்தவர் என்பது பலரும் அறிந்ததே. 1344 அளவில் இலங்கையிலிருந்து புறப்பட்டு, புயலில் சிக்கிச் சோழமண்டலக் கரையில் இறங்கி, மதுரை சுல்தானைச் சந்தித்தார். அந்தக் கல்தச்சரின் குரலைக் கேட்ட காதுகள் மதுரைத் தெருக்களிலும் நடந்திருக்கின்றன என்று எண்ணும்போது, டமாஸ்கஸ் அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றுகிறது.

இனி இந்த ஸனதைப் பின்னோக்கி ஏறிப் பார்ப்போம். இமாம் புகாரி (ரஹ்) ஹிஜ்ரி 256இல் வபாத்தானார்கள். கல்தச்சர் அல்ஹஜ்ஜார் மறைந்தது 730இல். இடைப்பட்டவை 474 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டுகள் என்று வைத்தால் 15 பேராவது தேவைப்படும். ஆனால் இந்த ஸனதில் இருப்பவர்கள் அல்ஹஜ்ஜாரையும் சேர்த்து ஆறே பேர். இமாம் புகாரியின் மாணவர் ஃபிரப்ரீ 89 வயது வாழ்ந்தார். அவரிடம் கேட்ட ஸரக்ஸீ 88 வயது வாழ்ந்தார். அவரிடம் கேட்ட தாவூதீ 93 வயது வாழ்ந்தார். அவரிடம் கேட்ட அபுல்வக்த் அஸ்ஸிஜ்ஸீ 95 வயது வாழ்ந்தார். அவரிடம் கேட்டவரே நாம் முன்பு பார்த்த அஸ்ஸபீதீ.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். தாவூதீ, ஸரக்ஸீயிடம் கேட்டபோது ஆசிரியருக்கு வயது 88, மாணவருக்கு வயது 7. அபுல்வக்த், தாவூதீயிடம் கேட்டபோது ஆசிரியருக்கு 91, மாணவருக்கு 7. அஸ்ஸபீதீ, அபுல்வக்திடம் கேட்டபோதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். இடையில் ஆட்கள் குறையக் குறைய, நபி (ஸல்) அவர்களின் சொல்லுக்கு நெருக்கம் கூடுகிறது. பிழை நுழையும் வாயில்களும் குறைகின்றன. ஆகவே இவ்வாறு சுருங்கிய ஸனதை உயர்ந்த ஸனது என்று அறிஞர்கள் போற்றினார்கள். அதை உண்டாக்குவதற்கு ஒரே வழி, மிகவும் முதிர்ந்தவர் முன்னால் மிகவும் இளையவரை அமர்த்துவதுதான். வேறெந்தக் கல்வியிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்ததா என்று எனக்கு ஐயம். மற்றத் துறைகளில் வயது ஏறினால் பதவி போகும். இங்கே வயது ஏற ஏற ஒருவரின் தேவை ஏறியது.

அந்த 7 வயதுச் சிறுவர்கள் தாமாக நடந்து வந்துவிடவில்லை. அபுல்வக்த் தம் முதுமையில் ஒரு மாணவரிடம் சொன்ன கதை தஹபீயின் நூலில் இருக்கிறது. ஹிஜ்ரி 465இல் ஹெராத்திலிருந்து பூஷன்ஜ் என்னும் ஊருக்கு அவருடைய வாப்பா ஈஸா, மகனை நடத்தியே அழைத்துச் சென்றார். புறப்படும்போது சிறுவனின் இரு கைகளிலும் இரண்டு கற்களைக் கொடுத்துச் சுமக்கச் சொன்னார். வாப்பாவுக்குப் பயந்து சிறுவன் சுமந்து நடந்தான். களைத்தான் என்று கண்டதும் ஒரு கல்லை எறியச் சொன்னார். சுமை குறைந்தாற்போல் இருந்தது, மேலும் நடந்தான். பிறகு, களைப்பாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான், அச்சத்தால். அப்படியானால் ஏன் நடை தளர்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் விரைந்து நடந்து மீண்டும் தளர்ந்தபோது, மற்றக் கல்லையும் வாங்கி எறிந்தார். இனி முடியாது என்ற நிலையில்தான் மகனைத் தூக்கிக்கொண்டார். வழியில் எதிர்ப்பட்ட உழவர்கள், நீங்களும் பிள்ளையும் எங்கள் விலங்குகளில் ஏறிக்கொள்ளுங்கள் என்று அழைத்தார்கள். நபியின் ஹதீஸைத் தேடிப் போகையில் நாங்கள் ஏறிச் செல்லமாட்டோம். இவன் நடக்க முடியாவிட்டால் என் தலைமீது சுமந்து செல்வேன் என்று ஈஸா மறுத்துவிட்டார்.

இக்காலத்துத் தந்தையர் யாரும் இந்த முறையைப் பின்பற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; படிக்கும்போது அந்தப் பிள்ளைமீது இரக்கமே வருகிறது. ஆனால் கதையைச் சொன்னவர் 90 வயதைக் கடந்த பின்பு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வயதொத்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை, எல்லா நாடுகளிலிருந்தும் மக்கள் என்னைத் தேடி வருகிறார்கள், இது என் தந்தையின் நல்ல எண்ணத்துக்குக் கிடைத்த பலன் என்றே சொன்னார். ஹிஜ்ரி 552இல் பக்தாதுக்கு வந்து, புகாரியை ஓதுவித்து, ஹஜ்ஜுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தபோது 553இல் அங்கேயே வபாத்தானார். யாஸீன் ஸூராவின் வசனங்களே அவர் நாவில் கடைசியாக இருந்தவை.

சிறுவன் அபுல்வக்த் நடந்து போய்ச் சந்தித்த தாவூதீ எத்தகையவர்? துருக்மேனியர்கள் ஊருக்குள் புகுந்து கால்நடைகளைக் கொள்ளையடித்த காலம் அது. சந்தையில் விற்கும் இறைச்சி யாரிடமிருந்து பறித்ததோ என்ற அச்சத்தால் பல்லாண்டுகள் இறைச்சியை விலக்கி, மீனை மட்டும் உண்டு வந்தார். ஒருநாள், ஆற்றங்கரையில் விருந்துண்ட அமீர் ஒருவர் மிச்சத்தை ஆற்றிலே உதறிவிட்டார் என்று கேள்விப்பட்டார். அதன்பின் மீனையும் விட்டுவிட்டார். 91 வயதில் அத்தகைய ஒருவர் முன் அமர்ந்த 7 வயதுப் பிள்ளை, ஹதீஸை மட்டுமா கேட்டிருக்கும்!

இந்த வழக்கத்தின் வேர் மதீனாவிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்தபோது உம்மு ஸுலைம் (ரலி) தம் 10 வயது மகன் அனஸை அழைத்து வந்து பணிவிடைக்கு விட்டார்கள். பத்து ஆண்டுகள் நபியவர்களின் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த அந்தப் பிள்ளை, அதன்பின் 80 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அனஸ் பின் மாலிக் (ரலி) பஸராவில் ஹிஜ்ரி 93 அளவில் வபாத்தானபோது வயது 100ஐத் தொட்டிருந்தது. பத்தாண்டு பணிவிடைக்குப் பின் 80 ஆண்டுகள் அவர்கள் செய்ததும் பணிவிடையே; ஆனால் இம்முறை கேட்டு வந்தவர்களுக்கு. நோன்பு நோற்க இயலாத அளவுக்குத் தளர்ந்த கடைசி ஓரிரு ஆண்டுகளில், ஒவ்வொரு நாளும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். ஒருமுறை டமாஸ்கஸில் இமாம் ஸுஹ்ரீ அவர்களைக் காணச் சென்றபோது, அனஸ் (ரலி) அழுதுகொண்டிருந்தார்கள். நான் அறிந்திருந்தவற்றுள் இந்தத் தொழுகை ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அதையும் பாழாக்கிவிட்டார்களே என்பது அவர்களின் கவலை. ஆட்சியாளர்கள் தொழுகையை நேரம் தவறித் தொழுத காலம் அது. முன்பு எப்படி இருந்தது என்று அறிந்த ஒருவர் அழுதால்தான், இப்போது ஏதோ குறைகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

முதுமையைப் பற்றிப் பேசுகையில் அதன் இருண்ட பக்கத்தை மறைப்பது நேர்மையன்று. எல்லாருக்கும் 100 வயதுவரை தெளிந்த அறிவு நிலைப்பதில்லை. ஹதீஸ் அறிஞர்கள் இதை எவ்வளவு கவனமாகக் கையாண்டார்கள் என்பது வியப்பானது. 80 வயதை அடைந்தவர் அறிவிப்பதை நிறுத்திக்கொண்டு திக்ரிலும் வணக்கத்திலும் ஈடுபடுவது நல்லது என்று ராமஹுர்முஸீ கருதினார். அறிவு உறுதியாக இருந்தால் தொடரலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள், அனஸ் (ரலி) போன்ற ஸஹாபிகளை எடுத்துக்காட்டி, வயதை எல்லையாக வைக்கவேண்டாம், நினைவை எல்லையாக வையுங்கள் என்றார்கள். நினைவு குழம்பியவர்களின் பெயர்களைத் தனியே தொகுத்து, குழப்பம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றெல்லாம் பிரித்தெழுதினார்கள். அவர் முன்பு சொன்னதை இதனால் தள்ளிவிடவில்லை.

அந்தத் தொகுப்புகளில் என்னை மிகவும் தொட்டது பஸராவின் ஜரீர் பின் ஹாஸிம் குடும்பத்தின் செய்தி. அவருடைய மக்கள் ஹதீஸ் அறிந்தவர்கள். வாப்பாவின் நினைவு தடுமாறத் தொடங்கியதை அவர்களே முதலில் உணர்ந்தார்கள். உடனே அவரை மக்கள் பார்வையிலிருந்து விலக்கி வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள். தடுமாற்றக் காலத்தில் அவரிடமிருந்து ஒரு ஹதீஸைக்கூட யாரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுதும் சேர்த்த நம்பிக்கையைக் கடைசி நாள்களில் அவர் தம்மையறியாமலே இழந்துவிடாதபடி மக்கள் காத்தார்கள். அதனால் இன்றளவும் அவர் நம்பகமானவர் என்றே எழுதப்படுகிறார். நினைவு தவறிய பெரியவரின் பேச்சை விருந்தினர்முன் வேடிக்கையாக்கிச் சிரிக்கும் வீடுகள் நம்மிடையே இல்லாமலில்லை. அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து உறவினர்க்கு அனுப்புவதும் நடக்கிறது. ஜரீரின் மக்கள் 1200 ஆண்டுகளுக்கு முன் அறிந்திருந்த நாகரிகம் அது.

இதுவரை ஆண்களைப் பற்றியே சொல்லிவந்தேன். ஆனால் இந்தத் துறையில் பெண்களின் பங்கு சிறிதன்று. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் மர்வ் நகரைச் சேர்ந்த கரீமா என்னும் அம்மையார் மக்காவில் தங்கி, ஏறத்தாழ 100 வயதுவரை ஸஹீஹுல் புகாரியை அறிவித்தார். தம்மிடமிருந்து படி எடுப்பவர் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் போவதை அவர் அனுமதிப்பதில்லை. பக்தாதின் வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதீ ஹஜ்ஜுக்கு வந்தபோது, 5 நாள்களில் அவரிடம் புகாரியை ஓதி முடித்தார்.

630இல் அஸ்ஸபீதீயின் அவையில் கல்தச்சரோடு ஒரு 6 வயதுச் சிறுமியும் இருந்தாள். டமாஸ்கஸின் கல்விக் குடும்பமொன்றில் பிறந்த ஸித்துல் வுஸரா அவர். இருமுறை ஹஜ் செய்து, குடும்பம் நடத்தி, மூப்படைந்த பின் டமாஸ்கஸிலும் எகிப்திலும் புகாரியை ஓதுவித்தார். ஹிஜ்ரி 716இல், 92 வயதில் மறைந்தார். அதே நகரில் வாழ்ந்த ஸைனப் பின்த் அல்கமால், சிறுவயதில் கண்ணோய் கண்டு, மணம் செய்யாமலே வாழ்ந்தவர். மாணவர்கள் நாளின் பெரும்பகுதியும் அவர் வீட்டிலேயே நெருக்கியடித்து அமர்ந்திருந்தாலும் முகம் சுளிக்கமாட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 740இல், 94 வயதில் அவர் வபாத்தானார். இப்னு பதூதாவுக்கு அறிவிக்கும் அனுமதி தந்தவர்களுள் அவரும் ஒருவர்.

கல்தச்சர் தம் 100 வயதையொட்டி அமர்ந்திருந்த அவை ஒன்றுக்கு, 4 வயதில் கொண்டுவரப்பட்டாள் ஆயிஷா பின்த் முஹம்மத் என்னும் குழந்தை. ஹிஜ்ரி 723இல் பிறந்தவள். அவர் 816இல் மறைந்தபோது, அல்ஹஜ்ஜாரிடம் நேரில் கேட்டவர் என்று சொல்லிக்கொள்ள உலகில் வேறு எவரும் இல்லை. இப்னு ஹஜர் அவரிடம் நிறையக் கேட்டவர். அவர் ஒரு கணக்கைக் குறித்து வைக்கிறார்: அஸ்ஸபீதீயிடம் கேட்டவர்களில் கடைசிப் பெண்மணி ஸித்துல் வுஸரா, அல்ஹஜ்ஜாரிடம் கேட்டவர்களில் கடைசியானவர் ஆயிஷா, இருவரின் மறைவுக்கும் இடையே சரியாக 100 ஆண்டுகள்.

இவர்கள் எல்லாரையும் பற்றிப் படிக்கையில் ஒன்று புலப்படுகிறது. முதுமையில் அழகாகத் தொண்டாற்றியவர்கள் என்று இவர்களை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது பாதிக் கதைதான். கல்தச்சர் 76 ஆண்டுகள் அதே மனிதராகத்தான் அதே ஊரில் இருந்தார். அவரைத் தேடி ஒருவர் ஏட்டைப் புரட்டியிராவிட்டால், தையல்காரராகவே மறைந்திருப்பார். நம் வீடுகளிலும் முதியோர் இருக்கிறார்கள். வேளைக்குச் சோறும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்கிறது, பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் ஒரு நாளில் அவர்களிடம் நாம் கேட்கும் கேள்விகள் எவை? மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்ற இரண்டைத் தவிர மூன்றாவது உண்டா? மையித்துக்குக் கஃபன் வெட்டும் முறை அறிந்த பெண்ணும்மா, ஊர்ப் பள்ளியின் வக்ஃபு நிலத்துக்கு எல்லை எது என்று அறிந்த அப்பா, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பால்குடி உறவு இருப்பதால் நிகாஹ் கூடாது என்று அறிந்த முதிய தாய் ஆகியோர், அறிந்ததைச் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள். கேட்பாரில்லை.

மீண்டும் ஸனதுக்கு வருவோம். கல்தச்சரிடமிருந்து அது கெய்ரோவுக்குப் போகிறது. அவரிடமிருந்து அறிவித்த இப்ராஹீம் அத்தனூகீ 91 வயதுவரை வாழ்ந்தார், கடைசிக்காலத்தில் பார்வை போயிற்று, ஓதுவிப்பது நிற்கவில்லை. அவரிடம் கேட்டவர் இமாம் இப்னு ஹஜர். அவருடைய மாணவர் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்).

ஸகரிய்யா அவர்கள் எகிப்தின் ஒரு சிற்றூரிலிருந்து அஸ்ஹருக்குப் படிக்க வந்த ஏழைப் பிள்ளை. பசி தாங்காத இரவுகளில் வெளியே போய், எறிந்து கிடக்கும் தர்பூசணித் தோல்களைப் பொறுக்கி, கழுவித் தின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் எகிப்தின் தலைமைக் காழியானார். முதுமையில் பார்வை இழந்தார். பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. அவருக்குப் பணிவிடை செய்த மாணவர் ஷஃரானீ எழுதுகிறார்: நோயுற்ற தள்ளாத வயதிலும் ஸுன்னத்துத் தொழுகைகளை நின்றே தொழுவார், பலவீனத்தால் இடமும் வலமும் ஆடுவார். உங்களுக்குத்தான் சலுகை இருக்கிறதே, உட்கார்ந்து தொழலாமே என்று சொன்னால், மனம் இயல்பிலேயே சோம்பலை விரும்புவது, அது என்னை வென்றுவிட்ட நிலையில் என் ஆயுள் முடிந்துவிடுமோ என அஞ்சுகிறேன் என்பாராம். உட்கார்ந்து தொழுவதற்கு மார்க்கம் தாராளமாக இடம் தந்திருக்கிறது. முழங்கால் வலியோடு நாற்காலியில் தொழும் நம் பெரியவர்கள் இதைப் படித்துக் கலங்கவேண்டியதில்லை. அவர் தம்மிடம் கேட்டுக்கொண்ட கணக்கு அது.

அவருடைய மாணவர்களுள் ஒருவர் ஷிஹாபுத்தீன் அர்ரம்லீ. ஆசிரியருக்கு வயது 100ஐ நெருங்கிய நாளில், ஷிஹாபுத்தீனின் சிறுவயது மகன் முஹம்மதுக்கும் அவருடைய இஜாஸத் கிடைத்தது. அந்தப் பிள்ளைதான் ஷம்ஸுத்தீன் அர்ரம்லீ (ரஹ்). நம் கடலோர ஊர்களின் ஷாஃபிஈ ஆலிம்கள் சட்டத்துக்குப் புரட்டும் நிஹாயத்துல் முஹ்தாஜ் என்ற நூலை எழுதியவர். ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் மதீனாவில் பெற்ற புகாரி ஸனதும் அவர் வழியாகத்தான் வருகிறது. ஸகரிய்யா அவர்கள் ஹிஜ்ரி 926இல் வபாத்தானார்கள். அர்ரம்லீக்கு அப்போது வயது 7.